குனிந்து பாருங்கள்: தூக்கணாங்குருவி கூடு கட்டுவதைக் கவனிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு

தூக்கணாங்குருவிக் கூடு தொங்கும் மரத்தடிக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். புதிதாக வருகிறவர்களை நான் குனிந்து பார்க்கச் சொல்வேன். கூடு கட்டுகிற காலமாக இருந்தால் தரையில் பச்சை நார்கள் சிதறிக் கிடக்கும். நெல் தோகையிலிருந்து கிழித்தவை, ஈச்ச ஓலையிலிருந்து கிழித்தவை, சாண் நீளத்தில் சில, ஒரு முழத்தைத் தாண்டியும் சில. ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் அலகு கடித்த தடம் இருக்கும், நடுவில் மடக்கி இழுத்த முறிவு இருக்கும். அந்த நார் வயலிலிருந்து மரம் வரை வந்து, கூட்டில் கோத்துப் பார்க்கப்பட்டு, அப்புறம் நழுவி விழுந்திருக்கிறது.

பறவைக்கு அறிவு உண்டா, இல்லை எல்லாம் பிறவியிலேயே வந்ததா என்று டீக்கடையில் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசலாம். விழுந்த நாரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் கேள்வி சின்னதாகிவிடும். எங்கே பிசகியது? பிசகிய பிறகு குருவி என்ன செய்தது? இவற்றுக்குப் பதிலைக் கண்ணால் பார்த்தே எழுதலாம். ஒரு நோட்டு, ஒரு பென்சில், சுமாரான பைனாகுலர், பத்துப் பதினைந்து காலைப் பொழுதுகள் இருந்தால் போதும்.

மரமும் காலமும்

நெல் வயலும் தண்ணீரும் சேர்ந்திருக்கும் இடமாகப் பார்த்துத் தேடுங்கள். பனை, ஈச்சை, தென்னை, கிணற்றுக்குள் சாய்ந்து வளர்ந்த கருவேலம், இவைதான் வழக்கமான மரங்கள். கிடைக்கவில்லையா, ஆடு மேய்க்கிறவரிடம் கேளுங்கள். பறவை பார்க்கிறவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். போன வருடத்துக் காய்ந்த கூடுகள் தொங்கும் மரமாக இருந்தாலும் விடாதீர்கள். அதே மரத்துக்கு மறுபடி வருவது உண்டு.

வட இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கூடு கட்டும் வேலையும் தொடங்கிவிடும். நம் பக்கம் மழையும் பாசனமும் ஊருக்கு ஊர் வேறுபடுவதால் காலண்டரை நம்பாதீர்கள், வயலை நம்புங்கள். நெல்லோ நாணலோ உயரமான புல்லோ கிழிக்கத் தோதாக வளர்ந்திருக்க வேண்டும். பச்சை நார்தான் வளையும், முடிச்சுக்குள் நுழையும். குஞ்சு பொரிக்கும் நேரத்தில் பூச்சியும் தானியமும் கிடைக்க வேண்டும் என்பதும் இதில் அடக்கம்.

அடையாளம் சுலபம். கூடு கட்டும் காலத்தில் ஆணின் தலையும் மார்பும் மஞ்சள், முகம் கரும்பழுப்பு. பெண்ணைப் பார்த்தால் பெண் சிட்டுக்குருவி மாதிரியே இருக்கும். அலகு மட்டும் தடிமன், வால் குட்டை. காலம் முடிந்ததும் ஆணும் மஞ்சளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெண் போலவே ஆகிவிடும். பொங்கல் சமயத்தில் பறவைக் கணக்கெடுப்புக்குப் போய், “தூக்கணாங்குருவியே இல்லை, எல்லாம் சிட்டுக்குருவி” என்று எழுதிக்கொண்டு வந்தவன் நான். கூட வந்த ஒரு பெரியவர் சிரித்தார், அவ்வளவுதான்.

எங்கே உட்காருவது

என் முதல் பருவம் பாதி வீணானது இந்த விஷயத்தில்தான். கூடுகளுக்கு நேர் கீழே பாயைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஒரு குருவியும் வேலைக்கு வரவில்லை. பக்கத்துக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. மறுநாள் நாற்பது அடி தள்ளி, வரப்பில் ஒரு வேப்பங்கன்றின் நிழலில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் நான் இருப்பதையே மறந்துவிட்டன.

எனவே நாற்பது அடிக்குக் குறையாமல், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். போன இடத்திலேயே மறுநாளும் உட்காருவது முக்கியம், ஏனென்றால் நீங்கள் வரையப் போகும் படம் அந்தக் கோணத்திலிருந்துதான் பொருந்தும். பாம்பு இருக்கும் இடங்கள் இவை, செருப்பில்லாமல் போகாதீர்கள்.

படம் போடுங்கள், எண் கொடுங்கள்

முதல் நாள் வேறு எதுவும் வேண்டாம். மரத்தை ஒரு பக்கம் முழுக்கக் கோட்டுப்படமாக வரைந்து, ஒவ்வொரு கூட்டுக்கும் எண் போடுங்கள். கிளை எந்தத் திசையில் இருக்கிறது என்று செல்போனில் திசைகாட்டியை வைத்துப் பார்த்து எழுதுங்கள். இந்தியாவில் பல இடங்களில் கூடுகள் மரத்தின் கிழக்குப் பக்கத்தில் அதிகம் தொங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் மழைக்காற்றுக்கு மறைவு என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். உங்கள் மரம் இதற்கு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது, அங்கே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று விசாரிக்க ஒரு காரணம் கிடைக்கும்.

காலில் வளையம் போடாமல் ஒரு ஆணை இன்னொன்றிலிருந்து பிரிப்பது கடினம். ஆனால் ஒரு கூட்டில் வேலை செய்வது பெரும்பாலும் ஒரே ஆண்தான். அதனால் கூட்டின் எண்ணையே அந்தக் குருவிக்குப் பெயராக வைத்துக்கொள்ளலாம். “பெரும்பாலும்” என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: பக்கத்துக்காரன் இல்லாத நேரம் பார்த்து அவன் கூட்டிலிருந்து நார் உருவுகிற குருவிகள் உண்டு. முதல் தடவை பார்த்தபோது இரண்டு பேரும் கூட்டாளி என்று நினைத்து நோட்டில் எழுதிவிட்டேன். உரிமையாளன் திரும்பி வந்து துரத்தியபோதுதான் விஷயம் புரிந்தது.

எல்லாக் கூட்டையும் பார்க்க ஆசை வரும். வேண்டாம். இப்போதுதான் ஆரம்பித்த கூடாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் பின்தொடருங்கள். முழுசாகத் தொங்கும் கூடு படமெடுக்க அழகு, கற்றுக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

நார் கிழிப்பது

ஆண் பறந்து போகும் திசையைப் பைனாகுலரில் தொடர்ந்தால் வயலில் எங்கே இறங்குகிறது என்று தெரிந்துவிடும். தோகையின் அடிப்பக்கம் வந்து உட்காரும். ஓரத்தில் அலகால் ஒரு கடி, அதாவது ஒரு சின்ன வெட்டு. அந்த வெட்டுக்கு மேலே உள்ள விளிம்பைக் கவ்விக்கொண்டு தோகையின் நுனியை நோக்கிப் பறக்கும். அந்த இழுப்பிலேயே நார் உரிந்து கூட வந்துவிடும். கத்தரிக்கோல் வைத்து வெட்டினால்கூட இத்தனை சீரான அகலத்தில் எனக்கு வராது. நார்கள் பொதுவாக 20 முதல் 60 செ.மீ. வரை நீளம் இருக்கும். ஒரு கூட்டுக்கு 500 நடை வரை போய் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது தேர்வு. சில தோகையில் உட்கார்ந்து, கடிக்காமலே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். சிலவற்றைப் பாதி கிழித்துவிட்டுக் கைவிடும். இரண்டையும் குறித்து வையுங்கள். வேலையின் ஆரம்பத்தில் எப்படிப்பட்ட நார், உள்பக்கம் வரும்போது எப்படிப்பட்டது, அகலம் குறைகிறதா என்பதையும் பாருங்கள்.

முதல் முடிச்சு

இதைப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் அப்புறம் தானாக வரும். ஆனால் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும், ஏனென்றால் முதல் முடிச்சில்தான் அதிகம் நார் விழும்.

குருவி கிளையைப் பிடித்துத் தொங்கும். நாரின் ஒரு முனையை விரலுக்கடியில் மிதித்துக்கொள்ளும். மறு முனையை அலகால் கிளையைச் சுற்றிக் கொண்டுவரும். பிறகு அந்த முனையை நாருக்கும் கிளைக்கும் நடுவில் நுழைக்க வேண்டும். அங்கேதான் தலையை ஒரு மாதிரி கிடுகிடுவென்று ஆட்டும். தையல் ஊசியைக் கெட்டித் துணியில் ஏற்றும்போது விரலை ஆட்டி ஆட்டித் தள்ளுவோமே, அதே மாதிரி. நுனி கொஞ்சம் உள்ளே போனதும் அலகை எடுத்துவிட்டு, கிளையைச் சுற்றி மறுபக்கம் போய், வெளியே எட்டிப் பார்க்கிற நுனியைக் கவ்வி இழுக்கும். தள்ளுவது ஒரு பக்கம், இழுப்பது மறுபக்கம். மறுபக்கம் போகும் அந்த அரை நொடியில்தான் நார் நழுவும்.

நழுவியதும் என்ன செய்கிறது என்பதைத்தான் நோட்டில் எழுத வேண்டும். என் நோட்டில் அடிக்கடி வரும் மூன்று விஷயங்கள்: விழுந்த நாரை எடுக்கக் கீழே இறங்காமல் புதிதாக ஒன்றைத் தேடிப் போகிறது, சில தடவை மிதித்த காலை மாற்றிக்கொள்கிறது, சில தடவை இடத்தையே மாற்றி, கிளையில் இரண்டு அங்குலம் தள்ளி முயல்கிறது. உங்கள் மரத்தில் வேறு மாதிரி இருக்கலாம்.

முடிச்சுகள் சேர்ந்து ஒரு கொத்தாகும். அதிலிருந்து ஒரு வளையம் இறங்கும். அந்த வளையத்தில் குருவி நின்றுகொண்டு, அலகு எட்டுகிற தூரம் வரை ஒரு பக்கமாக நாரைக் கோத்துக்கொண்டே போகும். தன் உடம்புதான் அதற்கு அளவுகோல். கொத்தனார் கையில் முழக்கோல் மாதிரி. கிராமத் தூக்கணாங்குருவி என்ற ஆப்பிரிக்க வகையில் இதை விரிவாக ஆராய்ந்தவர்கள் நிக்கோலஸ் கோலியாஸ், எல்சி கோலியாஸ் தம்பதி. நார் கொடுக்காமல் வளர்த்த இளம் ஆண்கள் பின்னால் கோப்பதில் பின்தங்கியதையும், பழகப் பழகத் தேறியதையும் 1960களில் காட்டினார்கள். முறை பிறப்பிலேயே வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் கை பழக வேண்டியிருக்கிறது.

ஹெல்மெட் நிலை

ஏறக்குறைய எட்டு நாளில் கூடு ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்த மாதிரி ஆகும், குறுக்கே தாடைப்பட்டை போல ஒரு பட்டி. எங்கள் ஊரில் இதை ஆண் குருவிக்கு ஊஞ்சல் என்பார்கள். மழைக்கு ஒதுங்கும் திண்ணை என்றும் சொல்வார்கள். உண்மையில் இது பாதியில் நிற்கும் வீடு. வாங்குகிறவர் பார்த்துவிட்டுச் சொன்னால்தான் மீதி வேலை.

இந்த நாட்களில் காலையில் தவறாமல் போய்விடுங்கள். பெண்கள் கூட்டமாக வந்து இறங்கியதும் ஆண்கள் எல்லாம் அவரவர் கூட்டுக்கு அடியில் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கத்தும். ஒரு பெண் ஹெல்மெட்டுக்குள் ஏறும், உள்ளே நாரை இழுத்துப் பார்க்கும், வெளியே வரும், பக்கத்துக் கூட்டுக்குப் போகும். பிடித்துவிட்டால் ஆண் மீதியை முடிக்கும்: முட்டை அறையை மூடி, நுழைவாயிலாக நீண்ட குழலை இறக்கும். முழுக்கூடு முடியச் சுமார் 18 நாள். பிடிக்காவிட்டால் ஹெல்மெட் அப்படியே நின்றுவிடும். மரத்தில் பாதிக் கூடுகள் நிறையத் தொங்குவதற்கு இதுதான் காரணம்.

இதைத் தெளிவாகப் பதிவு செய்தவர் பறவையியலாளர் சாலிம் அலி. 1930இல் மும்பைக்குத் தெற்கே கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் தினமும் உட்கார்ந்து பார்த்தார். ஒரு கூட்டைப் பெண் ஏற்றுக்கொண்டதும் ஆண் அதை முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைப்பதை எழுதினார். அவர் கையிலும் பெரிய கருவி எதுவும் இல்லை. நேரம் இருந்தது, அவ்வளவுதான்.

பெண் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது? பின்னல் அழகைவிடக் கூடு இருக்கும் இடத்துக்குத்தான் மதிப்பு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. உயரம், முள்மரம் போன்றவை. அதனால் உங்கள் படத்தில் ஏற்கப்பட்ட கூட்டுக்கு ஒரு வட்டம், ஏற்கப்படாததற்கு ஒரு பெருக்கல் குறி போட்டு வாருங்கள். மாதக் கடைசியில் வட்டங்கள் மரத்தின் எந்தப் பக்கம் கூடியிருக்கின்றன என்று பார்த்தால் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

இன்னொன்று. ஹெல்மெட்டின் உட்சுவரில் ஈரமண்ணோ சாணமோ உருண்டையாக ஒட்டியிருக்கும். அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்று என் பாட்டி சொல்லித்தான் நான் இந்தக் குருவியையே பார்க்க ஆரம்பித்தேன். இதுவரை ஒரு மின்மினியையும் பார்க்கவில்லை. மண் எதற்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. காற்றில் கூடு ஆடாமல் இருக்கக் கனம் என்பார் சிலர், வேறு காரணம் சொல்வார் சிலர். மண் ஒட்டும் நாளைக் குறித்து வையுங்கள். பெண் வருவதற்கு முன்னாலா, பின்னாலா என்பதே உபயோகமான தகவல்.

முட்டை இட்ட பிறகு பார்க்க அதிகம் இல்லை. 2 முதல் 4 வெள்ளை முட்டை, பெண்தான் அடைகாக்கும், 14 முதல் 17 நாள். குஞ்சு வெளியே வர அதற்குப் பிறகு இன்னும் ஏறக்குறைய 17 நாள். இந்தக் கட்டத்தில் கூட்டுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், கிளையை வளைக்காதீர்கள், செல்பி குச்சியை உள்ளே விடாதீர்கள். நீங்கள் போனதும் காகம் வரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வேட்டைக் கணக்கில்தான் சேரும்.

நோட்டில் என்ன எழுதுவது

அரை மணி நேரத்தை ஒரு கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் எத்தனை நடை, எத்தனை நார் விழுந்தது, விழுந்த பிறகு என்ன நடந்தது, பின்னல் இடமிருந்து வலமா வலமிருந்து இடமா. இவ்வளவுதான். மழை பெய்ததா, காற்றா என்று ஓரத்தில் ஒரு வார்த்தை.

இடம், வலம் பார்ப்பது கேலியாகத் தெரியலாம். போட்ஸ்வானாவில் தெற்கத்திய முகமூடித் தூக்கணாங்குருவிகளை வீடியோ எடுத்துப் பார்த்தவர்கள் இதைத்தான் பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில், ஒவ்வொரு ஆணும் தனக்கென்று ஒரு விதத்தில் கட்டியதோடு, ஒரே ஆண்கூட ஒரு கூட்டுக்கும் அடுத்த கூட்டுக்கும் முறையை மாற்றியது. சில இடமிருந்து வலமாக, சில வலமிருந்து இடமாக. கட்டக் கட்ட நார் கீழே விழுவதும் குறைந்தது. அச்சில் வார்த்த மாதிரி ஒரே வேலையைச் செய்யும் எந்திரம் என்றால் இப்படி இருக்காது. நான் மரத்தடியில் குனியச் சொன்னதற்கு இதுதான் காரணம். உங்கள் எண் 3 குருவியின் முதல் கூட்டுக்கும் மூன்றாவது கூட்டுக்கும் இடையில் விழுந்த நாரின் எண்ணிக்கை மாறுகிறதா என்று வரப்பில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

அதைவிட வியப்பானது 2024இல் வந்தது. கலஹாரி பாலைவனத்தில் வெண்புருவச் சிட்டுத் தூக்கணாங்குருவிகள் குடும்பமாகச் சேர்ந்து கட்டுபவை. 43 குழுக்கள் கட்டிய 400க்கும் மேற்பட்ட கூடுகளை அளந்தபோது, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பாணி இருந்தது: சில குழுக்களின் குழல் நீளம், சிலவற்றின் குழல் குட்டை. வானிலையை வைத்தும் உறவுமுறையை வைத்தும் அந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் கோலம் வேறு வேறாக இருப்பது மாதிரி.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நம் குருவி வேறு இனம், தனித்தனியாகக் கட்டுவது. கலஹாரியில் பார்த்ததை இங்கே ஏற்றிச் சொல்லக்கூடாது. அதேபோல் கூடு கோணலாக இருந்தால் உடனே “இது இளம் ஆண், கற்றுக்கொள்கிறது” என்று எழுதிவிடாதீர்கள். வயது உங்களுக்குத் தெரியாது. கோணல் என்று மட்டும் எழுதுங்கள். புதியவர்கள் நோட்டுகளில் நான் அதிகம் அடிக்கோடிடுவது இந்த மாதிரி வரிகளைத்தான்.

சோதனை செய்ய ஆசைப்பட்டு வண்ண நூலையோ நைலானையோ மரத்தில் கட்டித் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் வரிக்குருவிகளுக்கு நூல் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வளைந்து கொடுக்கும் நூலில் கொஞ்ச நேரம் கட்டிப் பார்த்தவை அடுத்து விறைப்பான நூலை விரும்பி எடுத்ததெல்லாம் நல்ல ஆய்வுதான். அது கூண்டுக்குள், யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க நடந்தது. வயல்வெளியில் நைலான் குஞ்சின் காலில் சுற்றினால் எடுத்துவிட யாரும் இல்லை.

காலம் முடிந்த பிறகு

அறுவடை முடிந்து குருவிகள் கலைந்ததும் மரத்துக்கு ஒரு தடவை போங்கள். பழைய கூடுகளில் சில்லை என்ற சின்னக் குருவிகள் குடியேறியிருக்கலாம், அதனால் தொங்குகிற எதையும் தொடாதீர்கள். காற்றில் அறுந்து தரையில் விழுந்த கூடு இருந்தால் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு (உண்ணி இருக்கும்) அங்கேயே செய்தித்தாளை விரித்து, பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். வெளிநார் எவ்வளவு அகலம், உள்நார் எவ்வளவு மெல்லிசு, மண் உருண்டை எத்தனை என்று எண்ணலாம்.

போன வருடம் எண் 4 அப்படி விழுந்து கிடந்தது, கிளைத் துண்டோடு. பெருக்கல் குறி போட்ட கூடு அது, ஹெல்மெட்டோடு நின்றுபோனது. சுவரை விரலாலேயே பிரித்துவிட்டேன். மேலே கிளையைச் சுற்றியிருந்த முதல் முடிச்சைக் கோணி ஊசியால் அரை மணி நேரம் நெம்பிப் பார்த்தேன், அவிழவில்லை. கடைசியில் பிளேடால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.